கண்டங்களின் ஓரத்தில் இவ்வளவு நீளத்துக்குக் கிரானைட் எப்படி வந்து சேர்ந்தது?

பர்மாவின் மௌலமைனில் கல் வியாபாரம் செய்கிறேன். படித்தது நிலவியல். படிப்பு ஒன்று பிழைப்பு ஒன்று என்று வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள், ஆனால் இந்தக் கேள்விக்கு இரண்டுமே கைகொடுக்கும். கேட்டவர், "பாத்தோலித் என்பது பூமிக்கடியில் இருந்த ஒரு பெரிய மாக்மா (பாறைக் குழம்பு) ஏரி அப்படியே உறைந்து போனதுதானே, அது ஏன் கண்டத்தின் ஓரத்தில் மட்டும் இப்படி வரிசையாக நீண்டு கிடக்கிறது?" என்கிறார். கேள்வியின் முதல் பாதியே தவறு. ஏரி எதுவும் இல்லை. மேலே மண் அரித்துப்போய், ஆழத்தில் உறைந்த கிரானைட் வகைப் பாறை நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் வெளியே தெரிந்தால் அதற்குப் பாத்தோலித் என்று பெயர், அவ்வளவுதான். அது எப்படி உண்டானது என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை.

சங்கதி தொடங்குவது தண்ணீரில். கடலின் தரையாக இருக்கும் பெரும் பாறைத் தட்டு கண்டத்துக்கு அடியில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டே இருக்கிறது. கோடிக்கணக்கான வருடம் கடலுக்கடியில் கிடந்த பாறை அது, அதன் கனிமங்களுக்குள்ளேயே தண்ணீர் பூட்டிக் கிடக்கும். ஊறிய ஈரம் இல்லை, படிகத்தின் கட்டமைப்பிலேயே சேர்ந்துவிட்ட தண்ணீர். கீழே போகப் போக அழுத்தமும் சூடும் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குள் அதில் பெரும்பகுதி கழன்று மேலே கசியும். மேலே இருப்பது மேன்டில் பாறை, அதாவது பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள தடித்த அடுக்கு. அந்த ஆழத்தில் அது வறண்டு கிடந்தால் 1400 டிகிரி தாண்டினாலும் இளகாது. தண்ணீர் பட்டால் பல நூறு டிகிரி குறைவிலேயே உருகத் தொடங்கும். இங்கே தேநீரோடு கடித்துக்கொள்ளும் கருப்பட்டியை வெறும் வாணலியில் போட்டுப் பாருங்கள், அடி கருகுமே ஒழிய சீக்கிரம் இளகாது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் அதே அடுப்பில் பாகாகிவிடும். (அது கரைவது, இது உருகுவது என்று வேதியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். இந்த அளவுக்கு உவமை தாங்கும்.)

தட்டு நுழையும் கோடு கடற்கரையை ஒட்டியே ஓடுவதால் உருகும் இடமும் அதற்கு இணையாகவே ஓடுகிறது. நீளத்துக்குக் காரணம் அதுதான். பெருவின் கடலோர பாத்தோலித் சுமார் 1600 கிலோமீட்டர் நீளம்.

இப்போது ஒரு சிக்கல். மேன்டிலை உருக்கினால் கிடைப்பது கிரானைட் இல்லை, பசால்ட் என்ற கறுத்த பாறை. அதில் சிலிக்கா பாதிதான் இருக்கும், கிரானைட்டிலோ எழுபது சதவீதத்தையும் தாண்டும். கறுப்பு எப்படி வெளுப்பானது? பசால்ட் குழம்பு மேலே ஏறி மேலோட்டின் அடியில் தேங்கி நிற்கும், ஏனென்றால் மேலே உள்ள பாறை மேன்டிலைவிட அடர்த்தி குறைந்தது, எளிதில் வழி கிடைக்காது. அங்கே ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனத்த கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும், மிஞ்சும் குழம்பில் சிலிக்கா கூடிக்கொண்டே போகும். அதே சமயம் அந்தச் சூட்டில் பழைய மேலோட்டின் அடிப்பகுதியும் உருகிக் கலக்கும். புதுக் குழம்பு வர வர இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும். பிரிந்து அடியில் தங்கிய கனமான கசடு சில இடங்களில் மேன்டிலுக்குள்ளேயே கழன்று மூழ்கிவிடுகிறது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்கு அடியில் அப்படி நடந்ததற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

இந்தக் கலப்படத்தை நான் என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். சமையலறை மேடைக்குக் கல் வாங்கிப்போன ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, "அண்ணே, இதுல கறை இருக்கு, மாத்திக் கொடுங்க" என்றார். சாம்பல் நிறப் பலகையின் நடுவில் கோழிமுட்டை அளவுக்கு, ஓரம் வழவழவென்று, ஒரு கறுத்த திட்டு. சோப்பு போட்டுத் தேய்த்தும் காட்டினேன். அது கறை இல்லை, கிரானைட் குழம்புக்குள் புகுந்த பசால்ட் வகைக் குழம்பின் ஒரு உருண்டை, கரைந்து முடிவதற்குள் உறைந்துவிட்டது. சியரா நெவாடா பாறைகளில் இப்படிப்பட்ட திட்டுகள் ஏராளம். விளக்கிச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, வேறு பலகை கொடுத்து அனுப்பினேன். அந்தக் கல் இப்போது என் மேசையாகிவிட்டது.

சரி, ஏரி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு குழம்பு ஒரே சமயத்தில் இருந்தது என்றால் முன்பு அங்கிருந்த பாறை எங்கே போனது என்று நிலவியலாளர்கள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பழைய பாறையே இடத்தை விட்டு நகராமல் கிரானைட்டாக மாறிவிட்டது என்றுகூட ஒரு கட்சி வாதாடியது. விடை கொடுத்தது சிர்கான் என்ற மணல் அளவுப் படிகம். அதற்குள் இருக்கும் யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கை வைத்து வயது பார்க்கலாம். அதே சியரா நெவாடாவின் யோசெமிட்டியில் உள்ள துவாலமி என்ற கிரானைட் தொகுதியை அப்படி அளந்து 2004இல் வெளியிட்டார்கள்: மூத்த பகுதிக்குச் சுமார் 9.5 கோடி வருடம், இளையதற்குச் சுமார் 8.5 கோடி. இடையில் ஒரு கோடி வருடம்! ஒரே தொட்டியாக இருந்திருந்தால் அவ்வளவு காலம் குழம்பாகவே நின்றிருக்க வழியில்லை, அதற்கு வெகு முன்பே உறைந்திருக்கும். ஆகவே அது தவணை தவணையாக வந்த சரக்கு. குழம்பு ஒரு தகடாக நுழைந்து உறையும், வெகுகாலம் கழித்து அடுத்தது பக்கத்தில் நுழையும், கூட்டுக் குடும்ப வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆகும்போதெல்லாம் ஒரு அறை கூட்டுவது போல. பெருவில் இப்படித் தனித்தனியாக நுழைந்தவை சுமார் ஆயிரம் இருக்கும். வரவும் ஒரே சீராக இல்லை, சில காலம் வெள்ளமாக வரும், சில காலம் ஓய்ந்து கிடக்கும். மேலே எரிமலைகள், கீழே இந்த அறைகள். பிற்பாடு எரிமலை அரித்துப்போக அறைகள் வெளியே தெரிகின்றன.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் குழப்பம். வடக்கே மொகோக் பக்கத்திலிருந்து, தங்கப் பாறைக் கோயில் இருக்கும் சைட்டியோ வழியாகத் தவாய், மெர்குயி வரை ஒரு கிரானைட் பட்டை இறங்குகிறது. அதில் பலவும் டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரிட்டேசியஸ் முதல் அதற்கு அடுத்த பாலியோஜீன் காலம் வரைக்குள் உண்டானவை, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெத்திஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்த காலத்தை ஒட்டியவை. ஆனால் பர்மாவின் எல்லா கிரானைட்டையும் இந்த ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. தட்டு அடியில் நுழைந்து பிறந்தது ஒரு ரகம், கண்டத்துண்டுகள் மோதி மேலோடு தடித்து உள்ளேயிருந்த பழைய வண்டல் பாறையே உருகியது இன்னொரு ரகம், இரண்டும் கலந்ததும் உண்டு. தவாயில் வெள்ளீயமும் டங்ஸ்டனும் கிடைப்பதற்குக் காரணம், உறையும் கிரானைட்டில் கடைசியாக மிஞ்சும் துளிக் குழம்பிலும் சூடான நீரிலும் அவை போய்ச் சேர்வதுதான்.

போன வருடம் சைட்டியோவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம், கின்பூனிலிருந்து அந்தத் திறந்த லாரியில், ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு. தங்கப் பாறையும் கிரானைட் உருண்டைதான், அது உட்கார்ந்திருப்பதும் கிரானைட் மேல்தான். பெண்கள் அதைத் தொடக் கூடாது. என் மனைவி பக்கத்தில் இருந்த ஒரு சாதாரணப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அதுவும் இதுவும் ஒரே கல்லுதானே?" என்றாள். ஒரே கல்தான் என்றேன். ஒரே தவணையில் வந்ததா என்பதைச் சிர்கானைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், அதற்கு அந்தப் பாறையில் சுத்தியல் வைக்க இங்கே யார் விடுவார்கள்.