சார்ஜரைச் செருகியதும் ஹம்மிங்: மடிக்கணினியும் வெளி ஸ்பீக்கரும்

கேள்வி: மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மடிக்கணினியில் போடும் உச்சரிப்புப் பாடங்கள் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. பழைய டேப்ரெக்கார்டர் செட்டின் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு இருந்தன. அவற்றின் ஒயரில் ஹெட்போன் பின்னைப் பற்றவைத்துச் செருகினேன். கொசு பாடுவது போல மெல்லிசாகத்தான் கேட்டது. பிறகு உள்ளூர் மெக்கானிக்கிடம் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி இணைத்தேன். சத்தம் வந்தது, கூடவே ‘ம்ம்ம்’ என்ற ஹம்மிங்கும் வந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அது நின்றுவிடுகிறது. ஆண்டு விழாவன்று மண்டபத்தின் ஒலிக்கலவைப் பெட்டியான மிக்சரில் செருகியபோதோ பாட்டின் பின்னணி இசை கேட்டது, பாடகரின் குரலைக் காணோம். பேசாமல் புளூடூத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து கிடைப்பது, காதில் மாட்டும் ஹெட்போனை ஒலிக்க வைப்பதற்கான சில பத்து மில்லிவாட் மட்டுமே. உங்கள் மரப்பெட்டிகளின் பின்புறத்தில் 4, 6 அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். அந்தத் துளையோ 16, 32 ஓம் ஹெட்போன்களை எண்ணிச் செய்யப்பட்டது. ஆகவே உங்களுக்குக் கேட்ட கொசுப்பாட்டு பழுதல்ல, அந்தத் துளையின் சக்தி அவ்வளவுதான். ஆனாலும் ஓம் குறைந்தால் உள்ளிருக்கும் சில்லுக்குச் சுமை கூடும் என்பதால் அந்த இணைப்பை இனிச் செய்ய வேண்டாம். கடையில் விற்கும் கணினி ஸ்பீக்கர்களை நேரடியாகச் செருகலாம், ஏனெனில் அவற்றின் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. தனக்கென மின்சாரம் கேட்காத ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் தேவை.

இணைக்கும் கேபிளின் ஒரு முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் கொண்ட 3.5 மி.மீ. பின்னும், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என இரு பின்களும் இருக்க வேண்டும். சிவப்பு வலப்பக்கத்துக்கும் வெள்ளை இடப்பக்கத்துக்கும் உரியவை. இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் என்று எழுதிய துளைகளில் செருகுங்கள். மஞ்சள் பின்னும் சேர்ந்து வரும் செட்டாப் பாக்ஸ் கேபிள் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பலர் அதையே எடுத்துவிடுகிறார்கள். அதன் பின்னில் மூன்று வளையங்கள் உண்டு. வீடியோவுக்கும் அதிலேயே இடம் ஒதுக்கியிருப்பதால் வரிசை மாறி, ஒரு பக்கம் ஒலிக்காமலோ கொரகொரவென்றோ போகும்.

இனி ஹம்மிங்குக்கு வருவோம். சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்று நீங்களே கவனித்து எழுதியது, பாதி வேலையை முடித்துவிட்டது. மூன்று பின் சார்ஜர்கள் பலவற்றில் எர்த் கம்பி, மடிக்கணினியின் நெகட்டிவோடும், அதன் வழியாக ஹெட்போன் துளையின் உறைப்பகுதியோடும் சேர்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்று பின் இருந்தால், சுவர் எர்த்திலிருந்து சார்ஜர், மடிக்கணினி, கேபிளின் வலைக்கம்பி (ஒலிக்கம்பிகளைச் சுற்றிப் பின்னியிருக்கும் கம்பி), ஆம்ப்ளிஃபயர் என்று போய் மறுபடியும் சுவர் எர்த்துக்கே திரும்பும் ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. வெவ்வேறு பாயிண்டுகளின் எர்த்துக்கு இடையே சிறிது மின்னழுத்த வேறுபாடு இருப்பது வழக்கம். அந்த வேறுபாடு இந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை ஓடவிடுகிறது, ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டென்று எண்ணிப் பெருக்கிக் கொடுக்கிறது. இரண்டில் ஒன்று இரண்டு பின் கொண்டதாக இருந்தால் வளையம் இல்லாமலே கூட, சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் வழியாகக் கசியும் இரைச்சல் அதே வலைக்கம்பியில் ஏறும்.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள்: சார்ஜரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். இரண்டுக்கும் எர்த் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஹம்மிங் பெரும்பாலும் தணியும். அப்படியும் மிச்சமிருந்தால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தீப்பெட்டி அளவிலான அதற்குள் இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஒலி காந்தப்புலத்தின் வழியாகக் கடந்துவிடும், கம்பித் தொடர்பு மட்டும் அறுந்துவிடும். மலிவானவற்றில் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) சற்றுக் குறையும் என்றாலும், ஆங்கில உச்சரிப்பு கேட்கும் வகுப்புக்கு அது ஒரு குறையே அல்ல. யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகுமென்று கடைக்காரர் சொல்லக்கூடும். நெகட்டிவ் தொடர்பு யூஎஸ்பி வழியாகவும் அப்படியே நீடிப்பதால் அதனால் பயனில்லை.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம்மிங் நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொன்னால், அது நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளே ஒரு ஒயர் பிய்ந்து தகரப்பெட்டியைத் தொட்டால், பியூஸைப் போகவைக்க வேண்டிய மின்சாரம், அடுத்து அதைத் தொடும் ஆளின் உடம்பு வழியாக இறங்கும். மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் அதைச் செய்யவே கூடாது.

ஹம்மிங் போனபிறகு மடிக்கணினியின் ஒலியளவை 80 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரின் திருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் குறைவாக வைத்து ஆம்ப்ளிஃபயரில் முழுக்கத் திருகினால், இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஸ்பீக்கர் ஒயர்களில் பிளஸ், மைனஸ் இரண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் இரண்டின் கூம்புகளும் எதிரெதிராக அசைந்து பேஸைத் தின்றுவிடும்.

குரல் காணாமல் போன கதையும் ஏறக்குறைய இதே வகைக் கணக்குதான். மிக்சரின் தடித்த 6.35 மி.மீ. துளை பெரும்பாலும் மைக் போன்ற ஒரே ஒரு ஒலியை எதிர்பார்ப்பது. பின்னின் நுனியில் வரும் சிக்னலிலிருந்து, இரு கறுப்பு வளையங்களுக்கு நடுவே உள்ள உலோக வளையத்தில் வருவதைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மைக் ஒயரில் ஏறும் இரைச்சலை நீக்க இது அருமையான ஏற்பாடு. உங்கள் ஸ்டீரியோ பின்னிலோ நுனியில் இடப்பக்க ஒலியும் உலோக வளையத்தில் வலப்பக்க ஒலியும் வருகின்றன. திரைப்பாடல்களில் குரலைப் பொதுவாக நடுவில், அதாவது இரு பக்கத்திலும் சம அளவில் பதிவு செய்வார்கள். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் பூஜ்யம். இரு பக்கமும் பிரித்து வைத்த வயலினும் தபலாவும் மட்டும் தப்பிக்கும். ஒரு ஸ்டீரியோ பின் இரண்டு தனித்தனி மோனோ (ஒற்றை ஒலி) பின்களாகப் பிரியும் கேபிளை வாங்கி, மிக்சரின் இரண்டு சேனல்களில் லைன் துளையில் செருகினால் குரல் திரும்பிவிடும். விழா தொடங்கும் நேரத்தில் அந்தக் கேபிள் கையில் இல்லாவிட்டால், விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து வலப்பக்க அளவை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கழிக்க ஒன்றும் இருக்காது, குரல் வரும். இதற்குப் பதிலாக மோனோ ஆடியோ என்ற வசதியை இயக்கிவிட்டால் இரு பக்கமும் அச்சாக ஒன்றாகி, மிச்சமிருந்த தபலாவும் போய்விடும்!

புளூடூத்தைப் பொறுத்தவரை, ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் ஒரு ரிசீவரை மாட்டி, அதற்கு மடிக்கணினியிலிருந்து மின்சாரம் எடுக்காமல் தனி மொபைல் சார்ஜரால் கொடுத்தால், கம்பித் தொடர்பே இல்லாததால் மடிக்கணினி சார்ஜரின் ஹம்மிங் வராது. ஆனால் ஒலி சற்றுத் தாமதமாக வரும். உதடு அசைவைப் பார்த்து உச்சரிப்பைக் கற்பிக்கும் உங்களுக்கு அது இடைஞ்சல். விஎல்சி பிளேயரில் ஜே விசையை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லிநொடி முன்னே வரும் என்பதால், கணினியில் சேமித்த வீடியோக்களைச் சரிசெய்துகொள்ளலாம். நேரலை வகுப்பில் அந்த வசதி கிடையாது. மேலும், மைக்கும் உள்ள புளூடூத் ஸ்பீக்கராக இருந்து அந்த மைக்கையே கணினி எடுத்துக்கொண்டால், ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அப்போது மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வகுப்புக்கு நான் கேபிளையும் ஐசொலேட்டரையுமே பரிந்துரைப்பேன்.