கேள்வி – பதில்: குப்பை மின்னஞ்சலின் ஊற்று எது?

கேள்வி: எனக்கு வரும் சில குப்பை மின்னஞ்சல்களில் அனுப்புநராக என்னுடைய முகவரியே காணப்படுகிறது. உண்மையில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஒரு கணினி வரைக்கும் போகலாம், ஆள் வரைக்கும் போவது அரிது. மின்னஞ்சல் போக்குவரத்துக்கு 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறையில், அனுப்புநர் தம்மைப் பற்றிச் சொல்வதைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே அந்த இடத்தில் யாருடைய முகவரியையும் எழுதிவிடலாம். அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், கடிதத்தின் மின் கையொப்பத்தைச் சோதிக்கும் டிகேஐஎம் போன்ற சரிபார்ப்புகள் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டவையே.

ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைச் சொடுக்கினால் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகள் தெரியும். கடிதத்தைக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டு போவதால், பயணத்தின் தொடக்கம் கீழே இருக்க வேண்டும். ஆனால் கீழ் வரிகளை அனுப்பியவரே பொய்யாக எழுதியிருக்கலாம். உங்கள் அஞ்சல் சேவையின் சர்வர், தன்னைத் தொடர்புகொண்ட கணினியின் ஐபி முகவரியைப் பதிந்த வரி ஒன்றைத்தான் முழுமையாக நம்பலாம். அந்த எண் எந்த நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது என்பதை ‘ஹூஈஸ்’ பதிவேட்டில் பார்த்து அவர்களிடம் புகார் செய்யலாம். பெரும்பாலும் அங்கே அகப்படுவது, வைரஸ் தொற்றியது தெரியாமல் யாரோ வீட்டில் வைத்திருக்கும் கணினிதான். வைரஸ் தொற்றிய கணினிகளைக் கோத்துக் குப்பை மின்னஞ்சல் அனுப்பி, 2011 மார்ச்சில் முடக்கப்பட்ட ரஸ்டாக் என்ற வலையில் அத்தகைய கணினிகள் ஏறத்தாழ 10 லட்சம் இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

பலன் தந்த தேடல்கள் வேறு திசையில் சென்றவை என்பதே என் கருத்து. 2008 நவம்பரில் சர்வர்களுக்கு இடம் தந்துவந்த கலிஃபோர்னியாவின் மெக்கோலோ நிறுவனத்துக்கு இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதும், உலகின் குப்பை மின்னஞ்சல் பாதிக்கும் கீழே சரிந்தது. தொற்றிய கணினிகளுக்கு ஆணையிடும் சர்வர்கள் அங்கே இருந்ததே காரணம். 2011இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குப்பை மின்னஞ்சலில் விளம்பரமான பொருள்களைத் தாங்களே வாங்கிப் பணத்தைப் பின்தொடர்ந்தபோது, அத்தகைய மருந்து, போலி ஆடம்பரப் பொருள், மென்பொருள் விற்பனையில் 95 விழுக்காடு ஒரு சில வங்கிகள் வழியாகவே நடப்பதைக் கண்டார்கள்.

கேள்வி: சில மின்னஞ்சல்களின் அடியில் தொடர்பில்லாத சொற்கள் குவிந்திருக்கின்றன. அவை ரகசியச் செய்திகளா?

பதில்: அநேகமாக இல்லை. சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டுக் குப்பையைப் பிரிக்கும் முறையை நிரலாளர் பால் கிரகாம் 2002இல் பரவலாக்கிய பிறகு, அந்த வடிகட்டியைக் குழப்புவதற்காக அப்பாவிச் சொற்களைக் கொட்டும் வழக்கம் பெருகியது.

மறைமொழியாக எழுதுபவர் இப்படிக் கண்ணில் படும்படி எழுத மாட்டார். முற்றிலும் சாதாரணமான விளம்பரத்தையே எழுதுவார். ஒரு செய்தியை வேறொன்றைப் போலத் தோன்றவைக்கும் பீட்டர் வேய்னரின் போலச்செய்தல் கோட்பாட்டை வைத்து 2000இல் தொடங்கிய ‘ஸ்பேம் மிமிக்’ தளம் அதைத்தான் செய்கிறது. ‘அன்பு நண்பரே’ என்பதா, ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே’ என்பதா என்று வாக்கியம் கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், 0, 1 என்ற இலக்கங்களாக மாற்றப்பட்ட செய்தியின் அடுத்த இலக்கம் (பிட்) 0ஆ 1ஆ என்பதே தேர்வை முடிவு செய்கிறது. சில சொற்களை மறைக்க நீண்ட விளம்பரக் கடிதம் தேவைப்படும். அதே தளத்துக்குப் போய் எவரும் அதைப் பிரித்துவிடலாம் என்பதால், செய்தியைச் சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி முதலில் மறையாக்கம் செய்யாவிட்டால் அது வெறும் விளையாட்டுத்தான்.

இந்த உத்தியின் உண்மையான வலிமை பெறுநரை மறைப்பதில் இருக்கிறது. இருவருக்கிடையே மட்டும் போகும் கடிதம், அதைப் படிக்க முடியாவிட்டாலும், அவர்களுடைய உறவைக் காட்டிக்கொடுத்துவிடும். லட்சம் பேருக்குப் போவதில் குறிப்பிட்ட ஒருவரைப் பிரித்தறிய வழியில்லை. கியூபாவுக்காக உளவு பார்த்து 2001இல் கைதான அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆய்வாளர் ஆனா மான்டெஸ், சிற்றலை வானொலியில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கப்பட்ட எண்களிலிருந்தே தமக்கான ஆணைகளைப் பெற்றார். குப்பை மின்னஞ்சலும் அதே தத்துவத்துக்கு இடம் தருகிறது, பதில் அனுப்ப முடியாது என்ற அதே குறையுடன்.

கேள்வி: அவற்றைத் திறந்து பார்த்தால் ஆபத்தா?

பதில்: படங்கள் தானாக ஏறும்படி வைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படம் அனுப்பியவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கி, இந்த முகவரி உயிருடன் இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடும். அமைப்புகளில் அதை நிறுத்திவையுங்கள்.