வண்டி வாங்காதீர்கள்

ஐயா, எங்கள் மகன் இறந்து வரும் டிசம்பரோடு இரண்டு வருடம். ஆறு வயது. ஆஸ்துமா. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவன் பெயரில் ஓர் ஆம்புலன்ஸ் வாங்கித் தர நண்பர்களோடு சேர்ந்து விருந்து நிகழ்ச்சி வைத்து நிதி திரட்டப் போகிறோம். அழைப்பிதழில் அவன் படத்தைப் போட எனக்கு ஆசை, மனைவிக்கு விருப்பமில்லை. பிள்ளையை வைத்துப் பணம் பண்ணுகிறான் என்று சொந்தக்காரர்களும் பேசுகிறார்கள். படம் போடலாமா?

(பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

அன்புள்ள தம்பி,

ஆஸ்துமா என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். அதற்கு மேல் கை ஓடியிருக்காது. ஓட வேண்டாம்.

சொந்தக்காரர்களை விடுங்கள். கருமாதிச் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

ஆனால் ஆம்புலன்ஸ்தான் வாங்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கோபம் வந்தால் வரட்டும், இதைக் கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஏனென்றால் நானும் ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். பினாங்கில் நான் இருந்த ஒரு சங்கத்தில் (பெயர் எதற்கு, பாதிப் பேரோடு இன்னும் தே தாரிக் குடிக்கிறேன்) உறுப்பினர் ஒருவரின் மகள் இறந்தபோது, அவள் பெயரில் வண்டி ஒன்று வாங்கிவிடுவோம் என்று நான்தான் முதலில் எழுந்து பேசினேன். பணம் மூன்றே மாதத்தில் சேர்ந்தது. மாலை, தேங்காய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், நீல எழுத்தில் பிள்ளையின் பெயர். எட்டு மாதம் ஓடியது. ஓட்டுநருக்குச் சம்பளம் தர ஆளில்லை, போய்விட்டார். அப்புறம் சாலை வரி முடிந்தது, காப்புறுதி முடிந்தது. வண்டி சங்கக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது, உள்ளே யாரோ மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்தார்கள். அந்த அம்மா சந்தைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாளியோடு வருவார், காற்றிறங்கிய டயரைப் பார்க்காமல் அந்த எழுத்துகளை மட்டும் துடைத்துவிட்டுப் போவார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கிப் போனதில்லை.

கணக்குப் போடத் தெரிந்தவர்தானே நீங்கள், போட்டுப் பாருங்கள். ஒரே வண்டி, நாள் முழுக்கத் தயாராக நிற்க வேண்டுமென்றால் மூன்று ஷிப்ட், ஷிப்டுக்குக் குறைந்தது இரண்டு பேர், ஆக ஆறு பேர். அதில் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, அக்கா கல்யாணம் வரக் கூடாது. டீசல், ஆக்சிஜன் நிரப்புவது, டயர். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறதே, அதன் ஒட்டுப்பட்டைகளுக்குக்கூட காலாவதித் தேதி உண்டு. இதற்கெல்லாம் மேசை போட்டு விருந்து வைக்க யாரும் முன்வருவதில்லை. டயரில் பிள்ளை பெயரை எழுத முடியாதல்லவா?

செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இங்கே மலேசியாவில் செம்பிறைச் சங்கம் என்று பெயர், அவர்களிடமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சிலும் ஏற்கெனவே வண்டியும் தொண்டர்களும் இருக்கிறார்கள். போய், எது குறைகிறது என்று கேளுங்கள். டீசல் என்றால் டீசலுக்குக் கொடுங்கள்.

இல்லையென்றால் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போங்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், உங்களைச் சொல்லவில்லை தம்பி, எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. மூச்சு முட்டும் பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். மூச்சு முட்டும்போது அடிக்கும் நீல இன்ஹேலரை வெறுமனே வாயில் அடிப்பதைவிட, அதன் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வழியாகக் கொடுத்தால் மருந்து கூடுதலாக நெஞ்சுக்குள் போகும். 999-ஐ அழைத்த கையோடு ஒருவர் தாமான் (குடியிருப்பு) வாசலுக்கு ஓடித் தடுப்புக்கட்டையைத் தூக்கி வைத்து நிற்க வேண்டும். எத்தனை ஆசிரியர்களுக்கு இது தெரியும்? ஒரு பள்ளிக்கு இரண்டு ஸ்பேசர், வருடத்துக்கு ஒரு முதலுதவி வகுப்பு. வண்டி விலையில் எத்தனை பள்ளிகளுக்கு, எத்தனை வருடத்துக்குச் செய்யலாம் என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துப் போடுங்கள்.

உண்டியலோடு தெருவில் இறங்கினால் போலீஸ் அனுமதி வேண்டும், 1947-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. பணம் எதுவும் உங்கள் சொந்தக் கணக்கில் விழ வேண்டாம். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நேராகப் போகட்டும், கொடுப்பவருக்கும் வரிக்கழிவு கிடைக்கும்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அவன் அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம். என்னிடம் கேட்கும் முன் அவரிடம் உட்கார்ந்து ஏன் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.