பால்கனி தக்காளியில் வைட்டமின் சி கூட எந்த உரம் போடலாம்?

கோலாலம்பூரில் அடுக்குமாடி பால்கனியில் வளர்க்கும் தக்காளியில் கடைப் பழத்தைவிட வைட்டமின் சி அதிகம் இருக்குமா, அதைக் கூட்ட எந்த உரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் உங்கள் பால்கனி எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று பாருங்கள். ரகத்தை விட்டால் இந்தச் சத்தை அதிகமாகத் தீர்மானிப்பது வெளிச்சம்தான்.

கடும் வெளிச்சத்தில் செல்லுக்குள் உண்டாகும் கேடான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கச் செடிக்கே வைட்டமின் சி தேவைப்படுகிறது, அதனால் வெளிச்சம் கூடக் கூட அது உருவாவதும் கூடுகிறது. இலையில் வெயில் பட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பழத்தை மட்டும் நிழலில் மூடி வைத்துப் பார்த்த ஆய்வுகளில், இலைகளுக்கு முழு வெளிச்சம் கிடைத்தும் பழத்தில் சி குறைந்திருந்தது. வெளிச்சம் பழத்தின் மேலேயே பட வேண்டும்.

நான் செந்தூலில் கிழக்கு பார்த்த பால்கனியில் செர்ரி தக்காளி வளர்க்கிறேன். குலை பிடித்ததும் அதன்மேல் கவிழ்ந்து நிற்கும் ஓரிரு இலைகளைக் கிள்ளிவிட்டு, குலையைக் கம்பிப் பக்கமாக இழுத்துக் கட்டிவிடுவேன். மொட்டையடிக்கக் கூடாது, நம் ஊர் உச்சி வெயில் நேரே விழுந்தால் பழத்தின் மேல்பக்கம் வெளுத்து வெந்துபோய், தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும். காலை வெயில் நேராக, மதியம் கொஞ்சம் மறைவு, இது போதும். வெளிச்சம் நல்லது என்பதற்காகச் சூடும் நல்லது என்று ஆகாது: 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாமல் பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடும், கடும் சூட்டில் சி-யும் குறையும்.

சரி, உரம். நர்சரிக்குப் போனால் பச்சைக் குருணை 15-15-15 கையில் கொடுப்பார்கள் (எண்கள் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு). செடி வளரும்வரை அது போதும். பூ வந்த பிறகும் தழைச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால் இலை காடாக மண்டி, பழம் நிழலுக்குள் போய்விடும், சி குறையும். அந்தக் கட்டத்தில் சாம்பல்சத்து கூடுதலாக இருக்கும் நீலக் குருணை 12-12-17-க்கு மாறுங்கள், அதையும் கொஞ்சமாக. பழுக்கும் நேரத்தில் தண்ணீரைச் சற்றே குறைத்தால் பழத்தின் சாரம் கெட்டிப்படும், சத்தும் சுவையும் செறிவாகும். ஆனால் ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் பழத்தின் அடி கறுத்து அழுகும், அதில் கவனம்.

கடைப் பழத்தோடு ஒப்பிட்டால்? கடைப் பழம் பெரும்பாலும் விளையும் கேமரன் மலையில் இருக்கும் குளிர்ச்சி, தக்காளிக்கு நம் சமவெளியைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது. ஆனால் பசாருக்கு வரும் பழம் லாரியில் நசுங்காமல் இருக்க முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்கப்படுவது வழக்கம். செடியிலேயே சிவந்த பழத்தில் பொதுவாகச் சி கூடுதல். இங்கேதான் வீட்டுச் செடி ஜெயிக்கிறது. ரகத்தில் செர்ரி வகை எடுங்கள், பெரிய தக்காளியைவிட அதில் பெரும்பாலும் சி அதிகம், நம் வெக்கையிலும் ஓரளவு காய்க்கிறது.

ஒரு அளவும் மனதில் இருக்கட்டும். 100 கிராம் பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத பழத்தில், சுமார் 14 மில்லிகிராம் சி இருக்கிறது. அதே எடை கொய்யாவில் 200-க்கும் மேல். வளர்ப்பு முறையால் தக்காளியைக் கொய்யாவாக்க முடியாது, இருப்பதைக் கூட்டலாம், வீணாக்காமல் சாப்பிடலாம். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பிலும் சி இருக்கிறது, பச்சடிக்கு நறுக்கும்போது அதை வழித்துப் போடாதீர்கள், சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான் நறுக்குங்கள். ரசத்தில் கொதிக்கும்போது சி கணிசமாகப் போய்விடும், லைக்கோபீன்தான் வெந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். அதனால் பெரிய தக்காளியைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, செர்ரியைப் பறித்த அன்றே பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுங்கள்.