'1898' என்று பொறித்திருந்தால் போதுமா?

கேள்வி: ஒஹையோவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். இறந்துபோன ஒரு முதியவரின் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். அதில் 'கிராக்' என்ற பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கி இருக்கிறது. '1898' என்று பொறித்திருக்கிறது. "அரிய குதிரைப்படை கார்பைன் (குட்டைக் குழல் துப்பாக்கி), பழம்பொருள், பேப்பர் எதுவும் வேண்டாம்" என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

அந்த 1898, மாடலின் பெயர். செய்த வருடம் அல்ல. மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவத் தொழிற்சாலை 1900-க்குப் பிறகும் அதே பெயரைப் பொறித்துக்கொண்டிருந்தது. 1898 மாடலில் பெரும்பாலானவை 1899-இலும் அதற்குப் பிறகும் செய்தவைதான்.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி 1898 முடிவதற்குள் செய்தது பழம்பொருள். அதற்கு மறுநாள் செய்தது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. ஒரே தொழிற்சாலை, ஒரே தோட்டா, ஒரே வேலையாட்கள்! எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாக அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். விமானம் ஏறி வருகிறவருக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிகிறது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

ஆக, பார்க்க வேண்டியது வரிசை எண். குழலுக்குப் பின்னால், தோட்டாவை உள்ளே தள்ளும் பொறி இருக்கும் இரும்புப் பகுதியின் இடப்பக்கத்தில், மாடல் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். எந்த எண் எந்த வருடம் என்ற பட்டியல் கிராக் சேகரிப்பாளர்களிடம் உண்டு. துப்பாக்கியின் மரக்கட்டையில் ஆய்வாளர் முத்திரையும் வருடமும் இருக்கலாம். அதை நம்ப வேண்டாம், கட்டையை மாற்றியிருப்பார்கள். எண் 1898-99 எல்லையை ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். பழம்பொருள்தான் என்று உறுதியானாலும் அதற்கான தோட்டா வாங்காதீர்கள். அதே தோட்டா பிற்காலத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் என்பதால் தோட்டாவுக்கும் தடை உண்டு. மாநிலச் சட்டம் தனி. அதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் 'கார்பைன்'. 1898 மாடலில் உண்மையான கார்பைன் செய்தது சுமார் 5,000 மட்டுமே. ரைஃபிளின் குழல் 30 அங்குலம், கார்பைனுடையது 22. ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள்களை எத்தனையோ பேர் அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அவற்றைக் கார்பைன் என்று கூசாமல் விற்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கட்டையின் முன்நுனியைப் பாருங்கள். குழல் படுத்திருந்த பள்ளத்தை வேறு மரத்துண்டால் அடைத்த தடம் தெரிந்தால், அது அறுத்த ரைஃபிள். அதற்குக் கார்பைன் விலை கொடுப்பது வீண்.

வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். "நேரில் வாருங்கள், நாளைக்கே வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த வேறொருவரே வாங்கட்டும்.