கரண்ட் வைத்தால் தொடை தானாக இறுகுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 63, ஊர் தேவகோட்டை. இரண்டு மாதத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. பிசியோதெரபியில் தொடையில் பேட் ஒட்டிக் கரண்ட் வைக்கிறார்கள். முதலில் சுருசுருவென்கிறது, கூட்டினால் சதை துடிக்கிறது, பிறகு இறுகி அப்படியே நின்றுவிடுகிறது. நான் இறுக்கவே இல்லையே! நரம்பு கெட்டுப்போகுமா? இது போதுமென்று உடற்பயிற்சியை விட்டுவிடலாமா? பேஸ்மேக்கர் வைத்திருக்கும் என் வீட்டுக்காரரும் கால்வலிக்கு இதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், ஆச்சி. அவருக்கு வேண்டாம். வெளியிலிருந்து வரும் மின்துடிப்பை இதயத்தின் துடிப்பென்று பேஸ்மேக்கர் எடுத்துக்கொண்டால், தான் கொடுக்க வேண்டிய துடிப்பை நிறுத்திவிடக்கூடும். இதய மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. நடந்தால் வலித்து, நின்றால் விடுகிற வலியாக இருந்தால் காலின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் தொடை. முறையாக வைத்தால் நரம்பு கெடாது. தசையை நேரே தூண்டுவதைவிடக் குறைந்த கரண்டிலேயே நரம்பு விழித்துக்கொள்ளும். அதிலும் உணர்ச்சி நரம்புகள் முந்திக்கொள்வதால்தான் முதலில் சுருசுருப்பு. கொஞ்சம் கூட்டினால் தசையை இயக்கும் நரம்பும் விழிக்கும். 1780களில் இத்தாலியில் கால்வானி என்ற ஆராய்ச்சியாளர் இறந்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்தாரே, அதே சங்கதிதான்.

நரம்பின் செய்தி வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் திறந்துவிடப்படுகிறது. உடனே மையோசின் என்ற புரதத்தின் தலைகள் பக்கத்திலிருக்கும் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன. தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இழுப்பில் வடத்தின் தொய்வுதான் போகும், தேர் அசையாது. ஒற்றைத் துடிப்பும் அப்படித்தான்: பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் உச்சிக்குப் போய்த் தளரத் தொடங்கிவிடும். தளர்வதற்குள் அடுத்த இழுப்பு, அதற்குள் அடுத்தது என்று வினாடிக்கு 30 முதல் 50 வரை வந்தால், துடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, தளராத இறுக்கமாகிவிடும். துடித்த சதை பிறகு இறுகி நின்றதாக நீங்கள் சொன்னது இதைத்தான். கரண்டின் அளவைக் கூட்டுவது வேறு கணக்கு: அது வடம் பிடிக்கும் ஆட்களைக் கூட்டுகிறது. முழங்காலை நேராக நீட்டி வைப்பதைவிட ஓரளவு மடித்து வைத்தால் இழுவிசை இன்னும் கூடும்.

பயிற்சியை விட்டுவிடலாமா என்கிறீர்களே, அங்கேதான் நான் ஒப்பமாட்டேன். நாமாக இறுக்கும்போது சிறிய இழைகள் முதலில் இறங்கும், பெரியவை பின்னால் வரும், ஒன்று களைத்தால் இன்னொன்று தோள் கொடுக்கும். கரண்டுக்கு இந்த நிதானம் கிடையாது. அதே இழைகளையே ஒவ்வொரு முறையும் ஒன்றாக எழுப்புவதால் தசை சீக்கிரம் சோர்ந்துபோகும். அதனால்தான் 10 வினாடி இறுக்கம், பிறகு அதைப்போலப் பல மடங்கு ஓய்வு என்று வைக்கிறார்கள்.

இன்னொன்று. அறுவைக்குப் பிறகு மூட்டு வீங்கியிருக்கும்போது, அங்கிருந்து போகும் செய்திகள் தொடைக்கு வரும் கட்டளையையே தடுத்துவிடுகின்றன. சதை இருந்தும் உங்களால் முழுதாக இறுக்க முடியாததற்கு இது பெரிய காரணம். கரண்ட் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகிறது, சரி. ஆனால் வளவுப் படி ஏறும்போது கட்டளை உங்கள் மூளையிலிருந்துதானே வரவேண்டும்? ஆகவே கரண்ட் வரும் அதே நேரத்தில் நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள். வீட்டில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகு, வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த படி ஒன்றில் மெல்ல ஏறி இறங்குங்கள். இறங்குவதை அவசரப்படுத்தாதீர்கள், தசை நீண்டுகொண்டே இறுகும் அந்த நேரத்தில்தான் அது அதிக விசையைத் தாங்குகிறது. ஆத்தங்குடிக் கல் தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் கரண்டும் பயிற்சியும் இரண்டையும் நிறுத்துங்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம். தேய்த்துவிடவும் கூடாது, அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.