வாசகர் கேள்வி–பதில்: ஜின் புட்டியில் எழுதியிருப்பது என்ன?

கேள்வி: கிராஃப்ட், அதாவது கைவினை, ஜின் புட்டிகளில் ‘லண்டன் டிரை’, ‘சிறு அளவில் வடித்தது’, ‘பதினெட்டு மூலிகைகள்’ என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். இவற்றில் எவை தயாரிப்பு முறையைக் குறிக்கின்றன, எவை வெறும் விளம்பரம்?

பதில்: ‘கிராஃப்ட்’ என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மதுபான விதிகளில் வரையறை கிடையாது, அது தயாரிப்பாளர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டம். சிறிய ஆலைகள் பலவும் தானியத்தை நொதிக்கவைத்துத் தாமே சாராயம் இறக்குவதில்லை. 96 விழுக்காடு வலிமை கொண்ட, தனக்கென மணமில்லாத தூய சாராயத்தை வெளியிலிருந்து வாங்குகின்றன. இதை நான் குறையாகக் கருதவில்லை. ஏனெனில் ஜின்னுக்கு அதன் குணத்தைத் தருவது அதன் பிறகு நடக்கும் வேலைதான்.

அந்த வேலையின் மையத்தில் இருப்பது ஜூனிபர். பழம் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் அது ஓர் ஊசியிலைத் தாவரத்தின் சதைப்பற்றுள்ள கூம்பு. அதனுடன் கொத்தமல்லி விதை, ஆஞ்செலிகா வேர், ஓரிஸ் எனப்படும் ஐரிஸ் கிழங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் முதலியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து, செம்புக் கலனில் மீண்டும் காய்ச்சி வடிப்பார்கள். சிலர் ஊறவைக்காமல், ஆவி செல்லும் வழியில் ஒரு கூடையில் மணப்பொருள்களை வைத்துவிடுவார்கள். இதில் மணம் மென்மையாக ஏறும். வடியும்போது முதலில் தோல்வகைகளின் இலேசான மணமும், அடுத்து ஜூனிபரும், கடைசியில் வேர்களின் மண்வாசனையும் வரும். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடிப்பது என்று மூக்கால் அறிந்து முடிவு செய்வதில்தான் வடிப்பவரின் திறமை இருக்கிறது. புட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

‘லண்டன் டிரை’யில் ‘டிரை’ என்றால் இனிப்பற்றது; ‘லண்டன்’ என்பது ஊரைக் குறிப்பதன்று. அந்த ஜின்னை எங்கும் தயாரிக்கலாம். மணம் முழுவதும் வடிக்கும்போதே சேர்ந்திருக்க வேண்டும், பிறகு மணமோ நிறமோ சேர்க்கக் கூடாது, இனிப்பு லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது என்பவை அதற்கான நிபந்தனைகள். சங்குப்பூவால் நீலமாக்கப்பட்டு, புளிப்பு பட்டவுடன் ஊதாவாக மாறும் ஜின் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தப் பெயருக்கு உரியதாகாது. நிறம் ஆவியோடு ஏறி வராது என்பதால் பூவை வடித்த பிறகே ஊறவைத்திருப்பார்கள். ஆகவே நீங்கள் சொன்னவற்றுள் நம்பத்தக்க குறிப்பு ‘லண்டன் டிரை’ ஒன்றுதான். மூலிகைகளின் எண்ணிக்கை தரத்துக்குச் சான்றாகாது; ஆறே பொருள்களில் தெளிவான ஜின் அமைவதும் உண்டு, இருபது சேர்ந்து ஒன்றையொன்று அமுக்கிவிடுவதும் உண்டு.

கேள்வி: ‘பைன் மரம், மலர், எலுமிச்சை’ என்று சுவைக்குறிப்பு எழுதுகிறார்களே, இது கற்பனையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஜூனிபரில் மிகுதியாக உள்ள ஆல்ஃபா-பைனீன் என்ற மணச்சேர்மம் பைன் பிசினிலும் இருக்கிறது. கொத்தமல்லி விதையில் உள்ள லினலூல் லாவெண்டர் பூவிலும் உண்டு. எலுமிச்சை மணத்தில் தோலின் லிமோனீனுக்குப் பெரும் பங்குண்டு. குறிப்பைச் சரிபார்க்க விரும்பினால், டானிக் (ஜின்னுடன் கலக்கும் கசப்பான சோடா பானம்) கலக்காமல், சம அளவு தண்ணீர் சேர்த்து, பனிக்கட்டி இன்றி முகர்ந்து பாருங்கள். குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும், டானிக்கின் கசப்பும் சர்க்கரையும் வேர்களின் சுவையை மறைத்துவிடும். ‘மென்மையானது’, ‘தனித்துவமானது’ போன்ற சொற்களை மட்டும் தாராளமாகத் தாண்டிச் செல்லலாம்.

கேள்வி: தண்ணீர் கலந்ததும் ஜின் கலங்கினால் அது கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. சாராயத்தில் கரைந்திருந்த தாவர எண்ணெய்கள், வலிமை குறைந்ததும் நுண்துளிகளாகப் பிரிவதால் அப்படித் தோன்றுகிறது. இதைத் தவிர்க்கச் சிலர் ஜின்னைக் குளிர்வித்து வடிகட்டுகிறார்கள். அப்போது எண்ணெயோடு மணத்திலும் சிறிது போய்விடுகிறது.